ஜோன்ஸ்களின் நாட்டில் ஆறு நாட்கள்

முதல் நாள்: கார்டிஃப்

விடுதியில் கொடுத்த படிவத்தில் எல்லாவற்றையும் முதலில் வெல்ஷ் மொழியிலும் அதன்கீழ் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தார்கள். முதல் கட்டத்தில் ‘எனு’, அடுத்த கட்டத்தில் ‘கவெனு’. முன்னது பெயர், பின்னது குடும்பப் பெயர். வெளிநாடு செல்லும் தமிழர் பலரையும் போல நானும் அந்த இரண்டாவது கட்டத்தின்முன் சற்றே தயங்கி, வழக்கம்போல் என் தந்தையின் பெயரை எழுதினேன். ஊரில் ஒற்றை முதலெழுத்தாக என் பெயருக்கு முன்னால் நின்றவர், கடவுச்சீட்டு எடுத்த நாள் முதல் முழுப்பெயராக விரிந்து என் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். விமான நிலையங்களில் அவர் பெயரைச் சொல்லித்தான் என்னை அழைக்கிறார்கள். ஏறத்தாழ இதே மாற்றம் ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் நேர்ந்தது என்று படித்த நாளிலிருந்து வேல்ஸ் நாட்டுப் பெயர்கள்மீது எனக்கு ஒரு பித்து. இந்த ஆறு நாள் விடுப்பும் அதற்காகவே.

மாலையில் விரிகுடாப் பக்கம் நடந்து மில்லேனியம் சென்டர் அரங்கைப் பார்த்தேன். 2006 நவம்பர் 3 அன்று ஜோன்ஸ் என்ற குடும்பப் பெயருடையோர் மட்டும் 1,224 பேர் இங்கே ஒன்றுகூடி உலகச் சாதனை படைத்தார்கள். வேல்ஸில் மிக அதிகமானோருக்கு உள்ள குடும்பப் பெயர் அதுதான். ஆனால் பழைய வெல்ஷ் நெடுங்கணக்கில் ‘ஜே’ என்ற எழுத்தே கிடையாது; கடன் சொற்களுக்காகப் பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டின் முதல் பெயரை எழுத அவர்களுக்கு வெளியெழுத்து வேண்டியிருக்கிறது. அதையே தமிழில் எழுத எனக்கும் ஒரு கிரந்த எழுத்து வேண்டியிருக்கிறது.

ஜோன்ஸ் என்றால் யோவானின் மகன் என்பதுதான் பொருள். விவிலியத்து யோவான் இந்நாட்டு வாயில் யெயன், ஈவன், யோவன், ஷோன் என்று பல வடிவங்கள் எடுத்தார். ஆங்கிலேய எழுத்தர்கள் அவற்றைத் தங்கள் காதுக்கு எட்டியவாறு எழுதி, பின்னால் ஓர் ‘ஸ்’ சேர்த்ததில் ஒரே பெயர் ஜோன்ஸ் என்றும் எவன்ஸ் என்றும் இரண்டாகக் கிளைத்தது. எனவே எவன் ஜோன்ஸ் என்பவர் பொருளளவில் யோவானின் மகன் யோவான்.

திரும்பும் வழியில் குயீன் தெருவின் மேற்கு முனையில் அனைரின் பெவனின் சிலை நிற்கிறது. 1897-இல் டிரெடிகர் என்ற சுரங்க ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே நிலக்கரி வெட்டப் போய், பின்னர் அமைச்சராகி, 1948-இல் பிரிட்டனின் தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கி வைத்தவர். அவருடைய பெயரை நின்று படித்தேன். அனைரின் என்பது 6-ஆம் நூற்றாண்டு வெல்ஷ் கவிஞர் ஒருவரின் பெயர். பெவன் என்பது ‘அப் ஈவன்’, அதாவது ஈவனின் மகன். மகனைக் குறிக்கும் ‘மாப்’ என்ற சொல் தேய்ந்து ‘அப்’ ஆயிற்று. உயிரெழுத்துக்கு முன்னால் அதன் பகரம் மெலிந்து, நாம் ‘அன்பு’ என்னும்போது ஒலிக்கிற ப போல ஒலிக்கும். அந்தப் பகரம் நாளடைவில் தந்தையின் பெயரோடு போய் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் நாள்: பொன்டிப்ரித்

கார்டிஃபிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம், டாஃப் ஆற்றின் ஓரமாகவே. பெட்டியில் எதிரே அமர்ந்திருந்த முதியவரிடம் நேற்றைய பெவனைப் பற்றிச் சொன்னதும் அவர் உற்சாகமாகி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அப் ரீஸ், பிரைஸ். அப் ஹவெல், பவல். அப் ஹியூ, பியூ. அப் ஹாரி, பாரி. அப் ஓவைன், போவன். அப் ரிஷியர்ட், பிரிச்சர்ட். அப் ராபர்ட், ப்ரோபர்ட். ஒரு கை முடிந்து மறுகைக்கு வந்திருந்தார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, இத்தனையும் சொன்னதற்குப் பிறகு வெறும் ஜோன்ஸ் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார்.

சாத்தன் மகன் கொற்றனைச் சாத்தங்கொற்றன் என்று புணர்த்திச் சொன்ன வழக்கும் அதற்குத் தொல்காப்பியத்தில் விதியும் உள்ள மொழியிலிருந்து வந்தவனுக்கு இதெல்லாம் அயலாகத் தோன்றவில்லை. நாம் மகனைச் சொல்லாமல் விட்டோம். அவர்கள் மகனை ஓர் எழுத்தாக மிச்சம் வைத்தார்கள்.

பொன்டிப்ரித் ஊரில் நான் பார்க்க வந்தது ஒரு பூங்காவை. எவன் ஜேம்ஸ் என்ற கம்பளி நெசவாளரும் அவர் மகனும் 1856-இல் இவ்வூரில் இயற்றிய பாட்டுத்தான் இன்று வேல்ஸின் நாட்டுப்பண். தந்தை சொல்லெழுதினார், மகன் இசையமைத்தார். மகனின் பெயர் ஜேம்ஸ் ஜேம்ஸ். குடும்பப் பெயர் உறைந்துபோன பிறகும் ஆட்பெயர்களின் கையிருப்பு பழையபடியே சிறியதாக இருந்ததால் இப்படி முன்னும் பின்னும் ஒரே பெயர் அமைவது இங்கே வியப்பில்லை. அவர்களுடைய நினைவுச் சின்னத்தில் கவிதைக்கு ஒரு பெண்ணுருவமும் இசைக்கு ஓர் ஆணுருவமும் நிற்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது பூங்காவின் பெயர்: அனிஸ் ஆங்ஹரட். ஆற்றோரப் புல்வெளி என்பது முற்பாதி; ஆங்ஹரட் ஒரு பெண்ணின் பெயர், மிகவும் நேசிக்கப்பட்டவள் என்று பொருள். அந்தப் பெண் யாரென்று எந்தப் பலகையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்: அபெரிஸ்ட்வித்

ரயிலும் பேருந்துமாக நாளின் பாதி போயிற்று. கடலோர ஊர். மேட்டின்மேல் வெண்கல்லால் கட்டப்பட்ட வேல்ஸ் தேசிய நூலகம், 1907-இல் நிறுவப்பட்டது. வேல்ஸின் பழைய உயில்களும் திருச்சபைப் பதிவேடுகளும் வம்சாவளிச் சுவடிகளும் இங்கே இருக்கின்றன.

பழைய உயில் ஒன்றின் படியைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்பு மை, சாய்ந்த எழுத்து. ஒருவருடைய பெயர் ஒரு வரி முழுவதும் ஓடியது: இன்னார் அப் இன்னார் அப் இன்னார் என்று நான்கு தலைமுறை. அடுத்த வரியில் ஒரு பெண். அவளுக்கு ‘அப்’ இல்லை, மகள் என்று பொருள்படும் ‘வெர்ஹ்’ என்ற சொல் சுருக்கெழுத்தாக இருந்தது. மணமான பின்னும் அவள் தன் தந்தையின் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாள். பழைய வெல்ஷ் வழக்கில் கணவனின் பெயரை மனைவி ஏற்பதில்லை.

இந்த நீண்ட சங்கிலி வெறும் பெருமைக்காக ஏற்பட்டதில்லை. பழைய வெல்ஷ் சட்டப்படி தந்தையின் நிலம் மகன்களுக்குச் சமமாகப் பிரிந்தது. பூட்டன் ஒருவரின் வழிவந்த பங்காளிகள்வரை அதில் உரிமை நீண்டது. ஒருவன் கொலை செய்துவிட்டால் அதற்கான ஈட்டுத் தொகையிலும் உறவின்முறை முழுவதும் பங்கு செலுத்த வேண்டும். யார் எவருக்கு எத்தனையாவது தலைமுறையில் உறவு என்று தெரியாதவன் நிலத்தையும் இழப்பான், வீண் தண்டமும் கட்டுவான். இந்நாட்டில் எளிய மக்களும் தங்கள் முன்னோரை ஆறேழு தலைமுறைவரை மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஜெரால்ட் எழுதிவைத்திருப்பதன் காரணம் இதுவே.

1536-இலும் 1543-இலும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து நீதிமன்ற மொழியை ஆங்கிலமாக்கின. பெயரை மாற்று என்று அவை எங்கும் சொல்லவில்லை. பதிவேடும் எழுத்தரும் மாறியதே போதுமானதாக இருந்தது. ரோலண்ட் லீ என்ற ஆயர் எல்லைப்புற ஆட்சிக் குழுவின் தலைவராக இருந்தபோது, ஒரு வழக்கில் நடுவர் குழுவினரின் பெயர்களைக் கேட்டு அலுத்து, ‘அப்’களையெல்லாம் வெட்டிவிட்டு ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும்படி ஆணையிட்டாராம், தாமஸ் அப் ரிச்சர்ட் அப் ஹவெல் அப் யெயன் வஹன் என்ற கனவான் அன்று முதல் தம் ஊரின் பெயரால் வெறும் மாஸ்டின் ஆனார். 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பென்னன்ட் எழுதிவைத்த கதை இது. நடந்ததோ இல்லையோ, அந்த அலுப்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

செல்வர்கள் முதலில் மாறினார்கள். மலைநாட்டு ஏழைகளிடம் பழைய முறை 18-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் நீடித்தது. அவர்களுடைய பெயர்கள் கடைசியாக உறைந்த காலத்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள் ஜான், டேவிட், வில்லியம், தாமஸ், எவன் என்று சில பத்துக்குள் சுருங்கிவிட்டிருந்தன. எனவேதான் இன்று ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், தாமஸ், எவன்ஸ் என்று ஐந்தாறு பெயர்களுக்குள் பாதி ஊர் அடங்கிவிடுகிறது.

தப்பியவை பட்டப்பெயர்கள். ஹ்லுயிட் என்றால் நரைநிறம், அதுவே லாயிட். சிவப்பைக் குறிக்கும் கோஹ் என்ற சொல் காஃப் ஆயிற்று. ஆங்கிலேயனைப் போல் நடந்துகொண்டவனுக்கோ ஆங்கிலம் பேசியவனுக்கோ வைத்த சைஸ் என்ற பட்டமும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. சிறியவன் என்று பொருள்படும் பஹன், ஆட்பெயரின் பின்னால் வரும்போது முதலெழுத்து மெலிந்து வஹன் ஆகும். ஆங்கிலத்தில் அது வான். ஒரே பெயருடைய தந்தையையும் மகனையும் பிரித்தறிய மகனுக்குச் சேர்த்தது. ஹ்லுயிட் என்று நான் எழுதியதன் முதல் ஒலிக்கு ல, ள, ழ மூன்றும் வைத்திருக்கும் தமிழிலும் எழுத்தில்லை. லகரத்துக்கு நாவை வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாவின் பக்கத்தில் காற்றை ஊத வேண்டும். நூலகத்து வாயிலில் யாருமில்லாத வேளையில் பத்து முறை ஊதிப் பார்த்தேன்.

நான்காம் நாள்: ட்ராஸ்வனித்

மனித் என்றால் மலை. ட்ராஸ் என்ற சொல்லோடு சேரும்போது அதன் மகரம் மெலிந்து வகரமாகிறது; மலைக்குக் குறுக்கே என்பது ஊர்ப்பெயரின் பொருள். தெருவில் ஒரு மேய்ப்பனின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1923-இல் இதைத் திறந்து வைத்தவர் அவனுடைய தாய்.

இந்த மனிதருக்கு மூன்று பெயர்கள். இராணுவப் பதிவேட்டில் அவர் 61117, எவன்ஸ், எல்லிஸ் ஹம்ஃப்ரி. ஊராருக்கு அவர் எல்லிஸ் அர் அஸ்கூர்ன். அஸ்கூர்ன் என்பது அவர் வாழ்ந்த பண்ணை. எவன்ஸ்களும் ஜோன்ஸ்களும் நிறைந்த ஊரில் குடும்பப் பெயரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது என்பதால் ஆட்பெயரோடு பண்ணைப் பெயரையோ தொழிலையோ சேர்த்து அழைப்பதே வழக்கம். பால்காரர் ஜோன்ஸ், தபால்காரர் ஜோன்ஸ் என்பவையெல்லாம் இதன் ஊர்ப்புற வடிவங்கள். மூன்றாவது பெயர் 1910-இல் சக கவிஞர் ஒருவர் சூட்டிய ஹெத் வின். ஹெத் என்றால் அமைதி. க்வின் என்ற சொல்லுக்கு வெண்மை என்றும் அருள்பெற்றது என்றும் பொருள். இங்கே முதலெழுத்து உதிர்ந்து வின் ஆகியிருக்கிறது.

வெண்ணிற அமைதி என்று பெயர் பெற்றவர் 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியத்தில் பாஷன்டேல் போரின் முதல் நாளில் கொல்லப்பட்டார். செப்டம்பர் 6 அன்று பர்க்கன்ஹெட்டில் நடந்த தேசிய ஐஸ்டெத்வோட் என்ற வெல்ஷ் கவிதை, இசைப் போட்டி விழாவில், வென்ற கவிஞரின் புனைபெயரை மூன்று முறை அழைத்தார்கள், யாரும் எழவில்லை. அவருக்குரிய பரிசான நாற்காலியைக் கறுப்புத் துணியால் போர்த்தி ஊருக்கு அனுப்பினார்கள்.

அது இன்றும் பண்ணை வீட்டில் இருக்கிறது. தாழ்ந்த கூரை, கற்சுவர், சிறிய சன்னல். அந்த எளிய வீட்டுக்குள் இவ்வளவு நுணுக்கமான மரச் செதுக்கு வேலை வியப்பைத் தருகிறது. செதுக்கியவர் போருக்குத் தப்பி வந்த ஒரு பெல்ஜிய அகதி. பெல்ஜியத்திலுள்ள கவிஞரின் கல்லறையில் ‘தலைமைக் கவிஞர் ஹெத் வின்’ என்று வெல்ஷ் மொழியில் பொறித்திருக்கிறார்களாம். மூன்று பெயர்களில் எவன்ஸ் மட்டும் அவருக்குப் பயன்படவேயில்லை என்று பேருந்தில் எண்ணிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: கார்னார்வன், பென்மனித்

கார்னார்வன் கோட்டைக்கு எதிரே ஒரு பரிசுப்பொருள் கடையில், சுழலும் கம்பித் தாங்கியில் ஆட்பெயர் பொறித்த சாவி வளையங்கள் தொங்கின; ஒவ்வொன்றின் பின்புறமும் பொருள். செரென், விண்மீன். ஐரா, பனி. என்விஸ், வானவில். ஹைல்வென், வெயில். காரிஸ், அன்பு என்ற சொல்லிலிருந்து அண்மைக் காலத்தில் ஆக்கிக்கொண்டது. ரீஸ், வேட்கை. மெகன் என்பதற்குப் பின்னால் முத்து என்றிருந்தது. மார்கரெட்டின் செல்லப்பெயர் மெகன், மார்கரெட் கிரேக்கத்தில் முத்து, எனவே அது சரிதான் என்றாலும் சுற்றுவழி. குடும்பப் பெயருக்குத் தனித் தாங்கி இருந்தது. அதில் ஜோன்ஸ் வரிசை காலியாகிவிட்டிருந்தது. குடும்பப் பெயரில் தேர்வுக்கு இடமில்லாமல் போன மக்கள் தங்கள் கற்பனையை எல்லாம் ஆட்பெயரில் செலவிடுகிறார்கள் என்று தோன்றியது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஜோன்ஸை உதறிவிட்டு நடுப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொள்கிறார்கள். பாடகர் பிரின் டெர்வெல் பிறப்பால் ஒரு ஜோன்ஸ். மீண்டும் ‘அப்’ சேர்த்து எழுதுவோரும் உண்டு.

தாங்கியில் க்வென்ஹ்லியன் என்ற பெயரும் இருந்தது. முற்பாதி வெண்மை, பிற்பாதியைத் துகில் என்பாரும் வெள்ளம் என்பாரும் உண்டு. வேல்ஸின் கடைசி இளவரசர் ஹ்லவெலின் அப் கிரிஃபித்தின் ஒரே மகளுக்கு இந்தப் பெயர். 1282-இல் பிறந்தாள், அவளைப் பெற்று தாய் இறந்தார், அதே ஆண்டு டிசம்பரில் தந்தை போரில் விழுந்தார். பால்குடி மாறாத குழந்தையை எட்வர்ட் மன்னர் லிங்கன்ஷயரிலுள்ள ஒரு கன்னிமாடத்துக்கு அனுப்பினார். 1337-இல் இறக்கும்வரை அவள் அங்கேதான் இருந்தாள், தன் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள் நடுவில். 2009-இல் இங்குள்ள மலையுச்சி ஒன்றுக்கு அவள் பெயரைச் சூட்டினார்கள். பேருந்தின் சன்னலில் அதைத் தேடினேன், மேகம் மூடியிருந்தது.

பிற்பகல் ஆங்கிள்ஸி தீவில் பென்மனித் என்ற சிற்றூர். மனித் என்ற அதே மலைதான், இங்கே மகரம் மெலியாமல். இங்கிலாந்தை ஆண்ட டியூடர் மரபு தோன்றிய ஊர் இது. இந்த வீட்டுப் பிள்ளை ஓவைன் அப் மரெடித் அப் டிடிர் ஆங்கில அரசவைக்குப் போனபோது, எழுத்தர்கள் தந்தையை விட்டுவிட்டுப் பாட்டனின் பெயரைப் பிடித்துக்கொண்டு அவரை ஓவன் டியூடர் ஆக்கினார்கள். அவருடைய பேரன் 1485-இல் ஏழாம் ஹென்றியாக முடிசூடினார். எழுத்தரின் பேனா ஒரு ‘அப்’ முன்னதாக நின்றிருந்தால், எட்டாம் ஹென்றியையும் முதலாம் எலிசபெத்தையும் மெரெடித் மரபினர் என்று நாம் பள்ளியில் படித்திருப்போம்.

ஆறாம் நாள்: டினாஸ் டின்ஹ்லே

கார்னார்வனுக்குத் தெற்கே கூழாங்கல் நிறைந்த ஒரு கடற்கரை. ஓரத்தில் இரும்புக்காலத்து மண்கோட்டை ஒன்று, மேற்குப் பக்கத்தைக் கடல் அரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. ஹ்லையின் கோட்டை என்பது பெயரின் பொருள். மாபினோகி என்ற இடைக்காலக் கதைத் தொகுதியில் ஹ்லைக்குப் பெயர் கிடைத்த கதை வருகிறது. தாய் அரியன்ரோட் அவனை ஏற்க மறுத்து, நான் பெயரிட்டாலன்றி இவனுக்குப் பெயரே வாய்க்காது என்று விதித்துவிடுகிறாள். மாமன் க்விடியன் மந்திரத்தால் கடற்பாசியைக் கப்பலாக்கி, சிறுவனோடு செருப்புத் தைப்பவனாக அவள் கோட்டையை அடைகிறான். முதல் சோடியை வேண்டுமென்றே பெரிதாகத் தைக்கிறான், அடுத்ததைச் சிறிதாக. அளவு கொடுக்க அவளே கப்பலுக்கு வருகிறாள். தளத்தில் ஒரு சிட்டுப்பறவை வந்து அமர, சிறுவன் அதன் காலில் நரம்புக்கும் எலும்புக்கும் இடையே குறிதவறாமல் அடிக்கிறான். அவள் சிரித்து, இந்த வெளுத்த பையனுக்குக் கை நல்ல தேர்ச்சி என்கிறாள். அவ்வளவுதான், ஹ்லை ஹ்லாவ் கஃபெஸ், கைதேர்ந்த வெண்ணிறத்தோன் என்ற பெயர் வாய்த்துவிட்டது.

அவனுடைய உடன்பிறந்தவன் டிலன். பெயர் வைத்த உடனேயே கடலுக்குள் போய்விட்டவன். அலையோடு தொடர்புடைய பெயர். 1914-இல் ஸ்வான்ஸீயில் ஓர் ஆசிரியர் தம் மகனுக்கு இந்த அரிய பெயரைச் சூட்டினார். அந்தக் குழந்தைதான் கவிஞர் டிலன் தாமஸ். இன்று உலகெங்கும் டிலன்கள்.

அரியன்ரோட்டின் கோட்டை என்று சொல்லப்படும் பாறைத் திட்டு கரையிலிருந்து தொலைவில், கடல் நன்றாக வற்றும்போதுதான் தலைகாட்டும். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். வெண்ணுரை ஓரிடத்தில் மட்டும் விடாமல் உடைந்துகொண்டிருந்தது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

மாலையில் தங்கும் வீட்டு அம்மையார் எனக்காகத் தொலைபேசியில் வாடகைக் கார் சொன்னார். வெல்ஷ் மொழியில் நீண்ட பேச்சு. என் பெயரைச் சொல்ல இரண்டு முறை முயன்று, என்னைப் பார்த்துக் கையால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு ஏதோ சொல்லி முடித்தார். அதில் ‘என்வை’ என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. எனு என்பதன் பன்மை. கால் மணி நேரத்தில் கார் வந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, கையிலிருந்த சிறு தாளைப் பார்த்து, “டீன் அர் என்வை?” என்று கேட்டார். பெயர்களின் ஆள். ஆம், நான்தான் என்று சொல்லிப் பெட்டியைப் பின்னால் வைத்தேன்.